வெறுங்காலார் ஏறிய வண்டி

இரண்டு செருப்பையும் கழற்றிக் கதவோரமாகத் தள்ளிவிட்டு, பாதங்களைத் தரையில் பதிய வைத்துக்கொண்டு, "ம், இப்ப மிதிங்க" என்கிறார். வண்டிக்காரர் மிதிக்கிறார். வேகம் ஏறுகிறது. இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். "விடுங்க." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "மிதிங்க." பக்கத்தில் போகும் வண்டிகளிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். முன் சீட்டில் கண்மூடிக் கிடக்கும் இந்த மனிதரை யாரோ அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டவர்களும் உண்டு.

எங்கள் தெருவில் அவருக்கு வெறுங்காலார் என்று பெயர். அவருடைய கார் ரிப்பேர் ஷெட் என் வீட்டுக்கு நேர் கீழே. மாடியில் என் மேஜை ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன் என்று பேர்; பாதி நாள் நான் பார்ப்பது கீழே நடக்கும் வேலையைத்தான்.

வாடிக்கையாளரின் வண்டியை அவர் முதலில் ஓட்டிப் பார்க்கவே மாட்டார். சாவியை நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். "நான் ஓட்டினா அது என் வண்டி ஆயிடும். என்கிட்ட நல்ல பிள்ளையா நடந்துக்கும். நீங்க ஓட்டுங்க, நான் சும்மா கூட வரேன்." ஏறுவதற்கு முன்னால் தரையில் போட்டிருக்கும் ரப்பர் பாயை உருவி வெளியே எறிந்துவிடுவார். பாய் இருந்தால் பாதி சேதியை அது முழுங்கிவிடுமாம். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட்டு நடுங்கினால் பின் சக்கரம், தரை நடுங்கினால் தலைவலி என்பது அவர் கணக்கு. அந்தத் தலைவலிக்காகத்தான் வெறுங்கால்.

கையில் கிரீஸ் முழங்கை வரைக்கும் அப்பியிருக்கும். அதை ஒரு பழைய துணியில் ஒப்புக்குத் துடைப்பார். பாதத்தை மட்டும் குழாயடியில் சோப்புப் போட்டு, விரலிடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். ஷெட்டின் ஒரு மூலையில் தையல் மெஷின் போட்டு சீட் கவர் தைக்கும் அவர் மனைவி, துண்டை எடுத்து எறிவார். "மூஞ்சியில தண்ணி பட்டு எத்தனை நாளாச்சோ, பாதத்துக்கு மட்டும் ராஜ உபசாரம்!" அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஷெட்டின் சட்டம். "பிளக் போயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்று யாராவது ஆரம்பித்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "பேரு நான் வச்சுக்கறேன். வண்டி என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லத் தெரியலையா? செஞ்சு காட்டுங்க." செய்து காட்டத்தான் வேண்டும். டை கட்டிய பெரிய மனிதர் ஒருவர் நடு ஷெட்டில் நின்று தோளை மட்டும் குலுக்கிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் இடுப்பை ஆட்டினார். இவர் சுற்றிச் சுற்றி வந்து, "இவ்வளவு வேகமாவா? இல்ல, கொஞ்சம் மெதுவாவா?" என்று சங்கதி திருத்திக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

இந்தக் காலுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்வது அவர் மனைவிதான்; காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தைத்துக்கொண்டே சொல்வார். மனுஷன் வீட்டில் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஓடுகிற வண்டியில் மட்டும் பொட்டுத் தூக்கம் கிடையாது. மச்சினி கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனபோது, எல்லாரும் தூங்குகிற நேரத்தில் எழுந்து போய் டிரைவரிடம், "பின் சக்கரத்துல பேரிங் அழுவுது, கேக்கலையா?" என்றிருக்கிறார். டிரைவர், "உக்காருய்யா பேசாம" என்று ஒரு அதட்டுப் போட்டதும் திரும்பி வந்து, அந்த அழுகையைத் தன்னந்தனியாக ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். தாலி கட்டும்போது மேடையோரம் நின்றபடியே கொட்டாவி. ரயிலிலும் அதே கதைதான். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஓடுற வண்டியில இவரு தூங்கி நான் பாத்ததே இல்ல. கண்ணை மூடியிருந்தா தூக்கம்னு நினைச்சிராதீங்க. அது விசாரணை" என்பார் அவர் மனைவி; ஷெட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அவர் 'அம்மா'தான்.

அந்த விசாரணையை முழுசாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது லேப் அம்மாவின் வண்டி வந்தபோதுதான். ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர் என்பதால் ஷெட்டில் அவருக்கு அந்தப் பேர் விழுந்தது. வயதான சாம்பல் நிறக் கார். கூடவே கணவரும் வந்திருந்தார். வண்டி மிதிக்கும்போது ஆடுகிறது. இதற்கு முன் வேறு கடையில் பிளக் மாற்றி, சக்கரம் பார்த்து, டயரையும் மாற்றியாயிற்று. இன்னும் ஆடுகிறது. "ஆனா ஒண்ணு, அண்ணே. இவ ஓட்டினாதான் ஆடுது. நான் ஓட்டினா அலுங்காம குலுங்காம போகுது" என்றார் கணவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கண்ணால் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

கணவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பெண் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். லைசென்ஸ் வாங்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாங்கிய பிறகு தினமும் காலையில் மாமியாரை நாத்தனார் வீட்டில் இறக்கி, பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் விட்டு, அதற்கப்புறம் வேலைக்குப் போவார். இப்போது மாமியார் ஏற மாட்டேன் என்கிறார். பெரிய பிள்ளை, "அப்பா ஓட்டட்டும்மா" என்று சொல்லிவிட்டதாம். வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. வாங்குகிற ஆளும் தயார், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். "வண்டியில கோளாறுன்னா சரி பண்ணலாம்கா. என் ஓட்டுதான் கோளாறுன்னா இன்னொரு வண்டி வாங்கித் தர மாட்டாங்க. மறுபடியும் யாராவது கொண்டுபோய் விட்டாத்தான் எங்கயும் போகமுடியும்" என்றார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெஷினை நிறுத்துவது அபூர்வம்.

வெறுங்காலார் கால் கழுவி ஏறினார். போய் வந்தார்கள். ஆடவில்லை. வேறு தெரு வழியாகப் போய் வந்தார்கள். ஊஹும். கணவரை ஓட்டச் சொன்னார்; அப்போதும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை மாடியிலிருந்து பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. பல்வலி டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோவது போல, வண்டி அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வெறுங்காலாருக்கு எரிச்சல் வந்தால் மூக்கு நுனியைத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே, "ஏம்மா, கிளட்ச்சுல கால் வச்சுக்கிட்டே ஓட்டுற பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லீங்கண்ணா." பிறகு, "இருக்குமோ என்னமோ. என் காலுதான் நடுங்குதோன்னு எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

அவருக்குச் சுரீரென்று தைத்திருக்க வேண்டும். காலைச் சந்தேகிப்பது என்றால் என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் ஒன்று வெடித்திருந்தது. துள்ளிக் குதித்து வெளியே வந்தார். "இந்தா, கள்ளன்!" என்று அதைத் தூக்கிக் காட்டி, புதுசு மாட்டி, "இனிமே ஆடினா என் மீசையை எடுத்துடறேன்" என்று சவால் வேறு விட்டு அனுப்பினார். வெறுங்காலாருக்கும் அடக்கத்துக்கும் வெகு தூரம்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார் லேப் அம்மா. மாமியாரைச் சமாதானம் பண்ணி ஏற்றியிருக்கிறார். பாதி வழியில், "நிறுத்து, நான் இறங்கி ஆட்டோவுல போறேன்" என்று கிழவி ஒரே ரகளை. "அப்படியேதான் ஆடுதுண்ணா" என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்துபோனார். வெறுங்காலார் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். மதியச் சாப்பாடு மூடியபடியே கிடந்தது.

சாயங்காலம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க வந்த அவர் மனைவி, போகிற போக்கில் அந்தக் காரின் பின் கதவைத் திறந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். எந்த வண்டி வந்தாலும் அவர் சீட்டைத் தட்டாமல் விடமாட்டார்; தொழில் புத்தி. "சீட் கவர் போட்டாலும் இது நிக்காது. இந்தப் பக்கம் பஞ்சு அப்படியே அமுங்கிக் கிடக்கு. கனமான ஆளு யாரோ தினமும் இங்கதான் உக்காருறாங்க" என்றார், தனக்குத்தானே.

வெறுங்காலார் தலையைத் தூக்கினார். "என்ன சொன்ன?"

"பஞ்சுன்னேன்."

"அதுக்கப்புறம்?"

சொன்னார். அவர் எழுந்து வந்து அமுங்கிய இடத்தில் கையை வைத்து அழுத்தினார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்த பார்வையில் கோபமும் சந்தோஷமும் சரிபாதி. இத்தனை சோதனையிலும் பின் சீட்டில் ஒரு ஆளில்லை. ஓட்டுகிறவர் ஓட்டினால்தான் நோய் தெரியும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், பின்னால் உட்காருகிறவரை விட்டுவிட்டார்.

லேப் அம்மா வேலை முடிந்து வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில யார் யார் எங்க எங்க உக்காருவீங்க?" அத்தை பின்னாடி இடது பக்கம், பிள்ளைகள் பக்கத்தில், பைகள் காலடியில். ஆடுவது எங்கே? மேம்பாலம் ஏறும்போது. "அவங்களை எல்லாம் கூட்டிட்டு வாங்களேன்." அத்தை இனி அந்த வண்டியில் கால் வைக்க மாட்டார் என்றார் அந்தப் பெண். வெறுங்காலார் யோசித்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தார். நான் அவசரமாக மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாடி சார், கொஞ்சம் கீழ வாங்க. உங்களுக்கு வெயிட்டு என்ன இருக்கும்?"

"அவரைக் கேட்டா குறைச்சுத்தான் சொல்லுவாரு. ஏத்திப் பாருங்க" என்றார் அம்மா.

இப்படியாக நான் ஒரு மாமியாரின் இடத்தை நிரப்பினேன். பிள்ளைகளுக்குப் பதிலாக இரண்டு பழைய லாரி பேட்டரிகளைத் தூக்கி என் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டுக்கும் சீட் பெல்ட் மாட்டினார். எனக்கு மாட்டச் சொல்லவில்லை, நானே மாட்டிக்கொண்டேன்.

சமதளத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஓட்டுவதை முதல் முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு கியரையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போடுகிற மாதிரி ஓட்டினார். மேம்பாலம் வந்தது. வெறுங்காலார் கண்ணை மூடினார். "மிதிங்க." வண்டி ஏறத் தொடங்கியதும் என் முழங்கால் லேசாக நடுங்கியது. பயம் என்று நினைத்தேன். அடுத்த நொடி பேட்டரிகள் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. பிறகு மொத்த வண்டியும் குளிர்க் காய்ச்சல் கண்டது போல இடமும் வலமுமாக உதறியது.

"வந்துட்டான்யா! விடுங்க!" உதறல் சட்டென்று நின்றது. "மிதிங்க!" மறுபடி உதறல். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஆடுதுல்லண்ணா? உங்களுக்கும் தெரியுதுல்ல?" என்று லேப் அம்மா கத்தினார். "சார், உங்களுக்கு?" என்று கண்ணாடி வழியாக என்னையும் கேட்டார். நான், "நல்லா ஆடுதும்மா, பிரமாதமா ஆடுது" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ஒரு வண்டி ஆடியதற்காக மூன்று பேர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாலத்தின் மறுபக்கம் ஓரங்கட்டியதும் வெறுங்காலார் கையைக் காராக வைத்துக்கொண்டு விளக்கினார். பின்னால் பாரம் ஏறினால் வால் இறங்கும், மூக்கு தூக்கும். மேட்டில் மிதித்தால் இன்னும் தூக்கும். இன்ஜினிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற தண்டு அப்போது அதிகமாகச் சாய்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தத் தண்டின் உள்பக்க மூட்டு தேய்ந்துவிட்டது. "நேரா நிக்கும்போது நோவு தெரியாது. சாஞ்சு நின்னு சுமை இழுக்கும்போதுதான் தெரியும். உங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை தனியா, சமதளத்துல ஓட்டுறாரு. அவருக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் மூட்டைக் கழற்றியபோது என்னையும் கூப்பிட்டார். ஒரு கிண்ணம், அதற்குள் மூன்று உருளைகள் ஓடுவதற்கு மூன்று தடம். "விரலை விட்டுப் பாருங்க." வழவழவென்று போன விரல் ஒரு இடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியது. நகக்கண் அளவுப் பள்ளம்தான். இதற்காக ஒரு பெண் தன் காலையே சந்தேகிக்க வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

புது மூட்டு மாட்டியதும் கணவரும் வந்தார். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்த்தி அம்மா அவருக்கும் பஸ் கதையைச் சொல்லி முடித்திருந்தார். தேய்ந்த கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அப்போ கோளாறு வண்டியிலதான்" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. "அதிருக்கட்டும் அண்ணே. நீங்க கூட உக்காந்து பாத்திருக்கீங்க. இவ எப்படி ஓட்டுறா? உள்ளதைச் சொல்லுங்க. வாங்குற ஆளு இன்னிக்கு போன் பண்றேன்னிருக்காரு. எங்கம்மா மறுபடி ஏறணும்னா நான்தான் பதில் சொல்லணும்." லேப் அம்மா ஷெட்டின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வண்டி பாக்கிறவன் சார். ஆளுங்களுக்கு மார்க் போடறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார் வெறுங்காலார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கணவர் தன் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு பேட்டரி, அந்தப் பக்கம் நான். மேம்பாலத்தில், "மிதிங்க." வண்டி நூல் பிடித்தாற்போல ஏறியது. இறங்கித் திரும்பி மறுபடி ஏறினோம். "மிதிங்க." ஒரு நடுக்கம் இல்லை. அதற்கப்புறம் நீளமான நேர்ச் சாலை. மரநிழலும் வெயிலும் மாறி மாறி வந்தன. லேப் அம்மா அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. வேகத்தடை வந்தது, வண்டி அலுங்காமல் ஏறி இறங்கினார். சிக்னலில் நின்றார், கிளம்பினார். இப்போது கியர் மன்னிப்புக் கேட்கவில்லை.

"இன்னும் மிதிக்கட்டுமாண்ணா?"

பதில் இல்லை. நானும் கணவரும் ஒரே நேரத்தில் முன்னால் எட்டிப் பார்த்தோம். வெறுங்காலாரின் தலை கதவுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விசாரணையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது மெல்லிய குறட்டை ஒன்று கிளம்பியது.

கணவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தவர், யாரென்று பார்த்தார். சத்தத்தை அமுக்கிப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

ஷெட் வாசலில் வண்டி நின்றது. அம்மா துண்டோடு வெளியே வந்து, குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: இன்னொரு சுற்று. லேப் அம்மா கியரை மாற்றினார். வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் சாய்ந்திருந்த தலை சாய்ந்தபடியே இருந்தது.